நண்டுக்குடாவின் விருந்தாளி

ஜெகதீஸ்வரிக்கு விசா கொடுக்கவில்லை என்ற செய்தி வந்து சேர்ந்தபோது சீனித்தம்பி ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் ஒரு சக்கரக் கட்டிலையும் அதில் படுத்திருந்த ஒரு கிழவனாரையும் வைத்துக்கொண்டு நின்றார். செய்தியைச் சொன்னவள் மனைவி கிளி, கைத்தொலைபேசியில்.

"மறுத்துட்டாங்களாம்."

"ஏனாம்?"

"அவகிட்ட காசில்லையாம். நிலபுலம் இல்லையாம். வந்தா திரும்பிப் போகமாட்டாவாம்."

"வறுமைய ஒழிக்கிற கூட்டத்துக்குத்தானே கிளி வரச் சொன்ன! காசுள்ளவ வந்து அங்க என்னத்தச் சொல்ற?"

"அத என்னட்டக் கேட்டா? நானா விசா குடுக்கிற?"

லிஃப்ட் கதவு திறந்தது. சீனித்தம்பி கட்டிலைத் தள்ளிக்கொண்டு நடந்தார். எக்ஸ்ரேக்குப் போக வேண்டிய கிழவனார் அன்று பிரசவ வார்டில் போய் இறங்கினார். கிழவனார் குறை ஒன்றும் சொல்லவில்லை. அங்கே எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள்.

விஷயம் இதுதான். மட்டக்களப்புக் கரையில் நண்டுக்குடா என்று ஒரு மீன்பிடிக் கிராமம். சீனித்தம்பி பிறந்த இடம். போன வருஷக் கடைசியில் கடல் எழும்பி வந்து போன பிறகு உலகம் முழுவதும் அந்தக் கரைக்குச் சாமான் அனுப்பியது. அவர் இப்போது வாழும் மொன்றியலிலிருந்து போன பெட்டிகளில் கம்பளிக் கையுறைகளும் இருந்தன. நண்டுக்குடாப் பெண்கள் மறுபேச்சில்லாமல் அவற்றைப் போட்டுக்கொண்டு அடுப்பிலிருந்து சட்டி இறக்கினார்கள். ஆனால் அவர்கள் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு ஐஸ் அறை. விடியற்காலை தோணி கரைக்கு வரும். வெயில் ஏறுமுன் மீனை விற்றாக வேண்டும். மீன் காத்திராது என்பது லொறியோடு வருகிற முதலாளிக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அவர் பொறுமையாக வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்பார். ஐஸ் இருந்தால் பெண்கள் வெற்றிலை போடலாம், முதலாளி நிற்கலாம். அவ்வளவுதான் பொருளாதாரம்.

இதைச் சீனித்தம்பி ஆஸ்பத்திரி வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் படியேறி இறங்கி, 'கைகோத்த உலகம்' என்ற தொண்டு நிறுவனத்தின் காதில் போட்டிருந்தார். அவர்களும் மனம் இளகி, நவம்பர் மாதத்துக் கூட்டத்தில் முடிவெடுப்பதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை. பயனடையப் போகிறவர் நேரில் வந்து தன் வாயால் சொல்ல வேண்டும். நண்டுக்குடாக் கருவாட்டுப் பெண்கள் சங்கத்தின் தலைவி ஜெகதீஸ்வரியை அதற்குத்தான் அழைத்தார்கள்.

சீனித்தம்பி நிறுவனத்தில் இந்த அலுவலைப் பார்க்கும் பெனுவா என்ற இளைஞனுக்கு உடனே தொலைபேசி எடுத்தார். விசா கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் எடுத்தார்.

"மொசியே சீனி! நல்ல நேரத்தில் எடுத்தீர்கள். மண்டபம் பிடித்தாயிற்று. பாற்கட்டிக்குச் சொல்லியாயிற்று. மதாம் ஜெகதீஸ்வரி வருகிறார்தானே?"

"வீ, ஆனால்..."

"இந்த வருஷம் நிர்வாக சபை கூடுவது இதுதான் கடைசி முறை. அவர் வராவிட்டால் அந்தப் பணம் வேறொரு நாட்டில் கிணறு வெட்டப் போய்விடும், தெரியும்தானே?"

"வீ, வீ."

"நானே சனிக்கிழமை விமான நிலையத்துக்கு வந்து பூக்கொத்துக் கொடுத்து வரவேற்கிறேன். சரிதானே?"

"வீ," என்றார் சீனித்தம்பி.

வெள்ளைக்காரர் ஒன்று கேட்டால் 'வீ', அதாவது பிரெஞ்சில் 'ஆம்', என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. ஆஸ்பத்திரியில் பதினைந்து வருஷம் தாதிமாருக்குச் சொல்லிச் சொல்லி, அது மூச்சு மாதிரித் தானாக வரப் பழகியிருந்தது.

அன்று கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அவர்களுடைய சின்ன அப்பார்ட்மென்டில் சீனித்தம்பி குசினிக்கும் ஜன்னலுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தார்.

"இருங்க ஒரு இடத்தில. கீழ்வீட்டுக்காரன் சுவருக்கு இடிக்கப் போறான்," என்றாள் கிளி.

"கிளி, நீயே ஜெகதீஸ்வரியா வந்தா என்ன?"

"என்ன அங்க வாசல்காரனுக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் பற்றீஸ் பொரிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தது ஆரு? பெனுவா என்ன 'மதாம் பற்றீஸ்' எண்டுதான் கூப்பிடுற."

"அப்ப வேற ஆர்?"

கிளி யோசித்தாள். யோசித்துவிட்டு, "அழத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்," என்றாள்.

இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தான் ஞாபகம் வந்தது.

அல்போன்சம்மா கர்க்லாண்டில் பெரிய வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண்மணி. தமிழ்ப் பங்குக் கோயிலில் ஒவ்வொரு தவக்காலத்திலும் திருப்பாடுகளின் காட்சி போடுவார்கள். அதில் சிலுவைப் பாதையோரம் அழும் பெண்களில் முதலாவதாக அழுகிறவர் அவர்தான். மற்றவர்கள் அழுவதுபோல் நடிப்பார்கள். அல்போன்சம்மா தொடங்கினால் உரோமைச் சேவகனாக நிற்கிற பையன்கூட ஈட்டியைச் சாத்திவிட்டு மூக்கைத் துடைப்பான். சீனித்தம்பி சைவம்தான். ஆனாலும் பாரம் தள்ளிப் பழகியவர் என்பதால் வருஷா வருஷம் சிலுவையை மேடையேற்றிக் கொடுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அல்போன்சம்மா முழுக் கதையையும் கேட்டார்.

"யாழ்ப்பாணத்தாள் ஒருத்தி மட்டக்களப்பாளா வந்து நிக்கிறதோ? பேந்து நீங்கள் என்னைப் பாயோட ஒட்டிப்போட்டால்?"

விருந்துக்கு வந்தவரை மட்டக்களப்பார் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டி வைத்துக்கொள்வார்கள் என்பது யாழ்ப்பாணத்தாரின் பழைய கேலி.

"ஒட்டுற பாய் இஞ்ச கிடைக்காதுக்கா. கிடைச்சா உங்களக் கேக்காமலே ஒட்டியிருப்பன்."

அல்போன்சம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"தம்பி, ஒண்டு சொல்லுறன் கேளும். நான் பொய் சொல்ல மாட்டன். என்ர பேர் ஜெகதீஸ்வரி எண்டு என்ர வாயால வராது. கேக்கிற கேள்விக்கு என்ர உண்மையைத்தான் சொல்லுவன். அதை நீர் பிரெஞ்சில எப்பிடி மாத்துறீரோ, அது உம்மட பாவம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகேக்குள்ள உம்மட மூட்டையையும் நான் காவேலாது."

"உங்களுக்குத்தான் பிரெஞ்சு நல்லாத் தெரியுமேக்கா."

"தெரியும். அண்டைக்குத் தெரியாது. சும்மா இருக்கிறது பொய்யில்லை."

சனிக்கிழமை வந்தது. அல்போன்சம்மாவின் அலுமாரியில் பட்டைத் தவிர வேறு சேலை இல்லை. கிளி தன் குசினிச் சேலையைக் கொடுத்தாள். தாலிக்கொடியைக் கழற்ற முடியாது என்று அல்போன்சம்மா ஒற்றைக்காலில் நின்றார். அதைச் சட்டைக்குள் விட்டாயிற்று. காப்புகள்தான் வினையாயின. கலியாணத்தன்று போட்டவை. கை பருத்துவிட்டது, காப்பு பருக்கவில்லை. சவர்க்காரம் போட்டும் வரவில்லை, எண்ணெய் போட்டும் வரவில்லை. கடைசியில் சீனித்தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து பட்டித்துணிச் சுருள் கொண்டுவந்து, இரண்டு கையையும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சுற்றிக் கட்டினார். கட்டு வேலை சுத்தமாக இருந்தது. கையை அசைத்தால் மட்டும் உள்ளே யாரோ சில்லறை குலுக்குவதுபோல் சத்தம் வந்தது.

"அசைக்காதீங்கக்கா."

"அசைக்காமல் நான் எப்பிடியப்பா கதைக்கிறது?"

கர்க்லாண்டிலிருந்து விமான நிலையம் கூப்பிடு தூரம். அல்போன்சம்மா தன் சொந்த வான் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போய், நிறுத்திவிட்டு, தலையணைகள் அடைத்த ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். வெப்ப நாட்டிலிருந்து வருகிறவர் என்பதால் காலில் செருப்பு மட்டும். பயணிகள் வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் நின்று நவம்பர் குளிரில் நடுங்கினார். நடிப்புத் தேவைப்படவில்லை.

கூட வந்த சீனித்தம்பி பக்கத்தில் நிற்க, பெனுவா பூக்கொத்தோடு வந்தான். கட்டுகளைப் பார்த்ததும் பூக்கொத்து தாழ்ந்தது.

"கடவுளே, கைகளுக்கு என்ன?"

"வலை இழுத்த காயம்," என்றார் சீனித்தம்பி.

"இரண்டு கையிலுமா?"

"பெரிய மீன்."

பெனுவாவின் கண் கலங்கியது. அவன் தயாராகக் கொண்டுவந்திருந்த ஒரு குளிர்கோட்டை விரித்து அல்போன்சம்மாவின் தோளில் போர்த்தினான். அல்போன்சம்மா குனிந்து கோட்டின் பொத்தான்களைப் பார்த்தார். உள்மடிப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"தம்பி," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, "இது என்ர கோட். போன மாரிக்குக் கோயில் உடுப்புப் பெட்டியில நான்தான் போட்டனான். இந்தா, அந்துப்பூச்சி ஓட்டை."

"என்ன சொல்கிறார்?"

"தனக்கென்றே தைத்ததுபோல் இருக்கிறதாம்."

காரில் பெனுவா ஓட்ட, சீனித்தம்பி முன்னால் இருந்தார். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து முணுமுணுப்புக் கேட்டது.

"இவன் ஏன் இதால போறான்? முன்னால பாலத்தில வேலை நடக்குது. அடுத்ததில இறங்கச் சொல்லும்."

"பேசாம இருங்கக்கா."

"பின்னேரம் வரைக்கும் இதில நிக்கப் போறியளோ? எனக்கென்ன."

பெனுவா கண்ணாடியில் பார்த்தான். அல்போன்சம்மாவின் கட்டுப்போட்ட கை, வானத்திலிருந்து இறங்கி வந்த கைபோல், வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. பெனுவா தன்னை அறியாமலே அந்தப் பக்கம் திருப்பினான். பெரும்பாதையில் வாகனங்கள் வரிசையாக உறைந்து நிற்பது பக்கவாட்டில் தெரிந்தது. அவர்கள் அதைக் கடந்து வழுக்கிக்கொண்டு போனார்கள்.

"எப்படி?" என்றான் பெனுவா. "இப்போதுதானே இந்த நாட்டில் கால் வைத்தார்?"

"கடற்கரை ஆட்கள்," என்றார் சீனித்தம்பி. "காற்றை மணந்து வழி சொல்லுவார்கள்."

அதன் பிறகு பெனுவா ஒவ்வொரு சந்தியிலும் கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்தான். சீனித்தம்பியின் சட்டை, வெளியே பனி தூறிக்கொண்டிருந்தபோது, முதுகோடு ஒட்டியிருந்தது.

மண்டப வாசலில் பெனுவா இருவரையும் நிறுத்தினான். கண்கள் மின்ன, "உங்களுக்கு ஒரு இன்ப அதிர்ச்சி வைத்திருக்கிறேன்," என்றான். "மதாம் ஜிசெலும் வருகிறார்!"

"அது யார்?" என்று கேட்டார் சீனித்தம்பி.

"எங்கள் களப் பொறுப்பாளர். இந்தக் கோடையில் நண்டுக்குடாவுக்குப் போய் மதாம் ஜெகதீஸ்வரியின் குடிசையிலேயே ஒரு வாரம் தங்கினவர். அவருடைய பரிந்துரையால்தானே உங்கள் விண்ணப்பம் இவ்வளவு தூரம் வந்தது! இரண்டு பேரும் சந்திக்கும்போது நான் படம் எடுக்கப் போகிறேன்."

சீனித்தம்பி வெளியே போகும் வழியைக் கண்ணால் தேடினார். களப் பரிசோதனை முடிந்தது என்று பெனுவா முன்பு சொன்னதுண்டு. கொழும்பிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய யாரோ போய்வந்திருப்பார் என்று அவர் நினைத்திருந்தார். ஒரு வாரம் கூடவே இருந்து, ஒரே சட்டியில் சாப்பிட்டவள்! அவளுக்கு முகம் தெரியாமல் போகுமா? ஐஸ் அறை அவர் கண்முன்னாலேயே உருகி ஓடத் தொடங்கியது.

"மொசியே பெனுவா, மதாமுக்கு உடம்பு சரியில்லை. பயணக் களைப்பு. நாங்கள் திரும்பி..."

"அப்படியா? நன்றாகத்தானே இருக்கிறார்?"

சீனித்தம்பி திரும்பிப் பார்த்தார். அல்போன்சம்மா அதற்குள் உள்ளே போய்ப் பாற்கட்டி மேசையில் நின்று, இரண்டு கட்டுக் கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது வகையைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

சீனித்தம்பி ஓடினார். "அக்கா, வாங்க போவம். இஞ்ச வாற ஒருத்திக்கு ஜெகதீஸ்வரியத் தெரியும். ஒரு கிழமை வீட்டில நிண்டவளாம்!"

"நான் என்ர பேர் ஜெகதீஸ்வரி எண்டு ஆருக்கும் சொல்லேல்லையே," என்றார் அல்போன்சம்மா, சாந்தமாக. "நீர்தானே சொன்னீர்? நீர் ஓடும்."

அதற்குள் கதவு திறந்தது.

மதாம் ஜிசெல் வெள்ளி நிறத் தலைமுடியும் கழுத்தில் மரமணி மாலையுமாக உள்ளே வந்தார். வந்தவர் அல்போன்சம்மாவைக் கண்டதும் நின்றுவிட்டார். முகத்தில் இரத்தமே இல்லை. பெனுவா கமராவைத் தூக்கினான். மதாம் ஜிசெல் அல்போன்சம்மாவைப் பார்த்தார். அல்போன்சம்மா வாயிலிருந்த பாற்கட்டியை மெதுவாக விழுங்கினார். சீனித்தம்பி ஊர்ப் பிள்ளையாரை நினைத்தார். பக்கத்தில் நிற்பவரின் சமயத்தை எண்ணி, மாதாவையும் நினைத்தார்.

மதாம் ஜிசெலின் கைகள் அகல விரிந்தன.

"ஜெகதீஸ்!" என்று கூவினார். "என் ஜெகதீஸ்!"

ஓடிவந்து கட்டிப்பிடித்தார். தோளில் முகம் புதைத்து விம்மினார். கட்டுப்போட்ட கைகளை எடுத்து முத்தமிட்டார்; கைகள் கிலுங்கின; யாரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் ஒருவர் அழும்போது சும்மா நிற்பது அல்போன்சம்மாவின் தொழில் மரியாதைக்கு ஒவ்வாதது. அவர் தவக்காலத்துக் குரலை எடுத்தார். முதல் வரிசையில் இருந்தவர்கள் கைக்குட்டை தேடினார்கள். மேசைக்குப் பின்னால் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த பெண் துடைத்துணியைத் தேடினாள்.

சீனித்தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க நேரமும் இல்லை. நிர்வாக சபைத் தலைவர், கழுத்தில் வண்ணத்துப்பூச்சிப் பட்டி கட்டிய நெடிய மனிதர், கேள்விகளைத் தொடங்கிவிட்டார்.

"மதாம், உங்கள் வாழ்க்கையில் இப்போது இருக்கும் பெரிய கஷ்டம் எது?"

சீனித்தம்பி தமிழில் கேட்டார். அல்போன்சம்மா யோசிக்கவே இல்லை.

"கூரைதான் தம்பி. போன பனிக்கு ஒழுகத் தொடங்கினது. திருத்தித் தாறன் எண்டு வந்தவன், சுத்திவரப் பாத்து அளந்து, படமும் எடுத்துக்கொண்டு போனவன் போனவன்தான்."

"கூரை ஒழுகுகிறது," என்றார் சீனித்தம்பி. "உதவி செய்வதாக வருகிறவர்கள் அளந்து படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். திரும்பி வருவதில்லை."

நிர்வாக சபையினர் தலை குனிந்தார்கள். பெனுவா கமராவை மெல்ல மேசைக்குக் கீழே வைத்தான்.

"பிள்ளைகள்?"

"இருக்கினம் ரெண்டு. சாப்பிட வாங்கோ எண்டு கத்திக் கத்தித் தொண்டை போச்சு. ஒரு நாளெண்டாலும் எல்லாரும் ஒரு மேசையில இருந்து சாப்பிட்டது கிடையாது."

"குடும்பம் முழுவதும் ஒன்றாக இருந்து சாப்பிட்ட நாள் இல்லை."

மண்டபம் பெருமூச்சு விட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

"இந்த ஐஸ் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?"

"ஐஸோ!" அல்போன்சம்மா மார்பில் கை வைத்தார். "ஐயோ தம்பி, அந்தப் பேரைச் சொல்லாதையும். முன்வாசற் படியில வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு வெடிச்சு, ஒரு மாரி முழுக்கக் கட்டிலில கிடந்தனான். ஐஸ் எண்டு கேட்டாலே எனக்கு அழுகை வருது." உண்மையாகவே வந்தது. இது தவக்கால அழுகை அல்ல. இடுப்பிலிருந்து வந்த அழுகை.

"ஐஸ் என்ற சொல்லைக் கேட்டாலே இவருக்கு அழுகை வருகிறது," என்றார் சீனித்தம்பி. வாழ்நாளில் இவ்வளவு துல்லியமாக அவர் எதையும் மொழிபெயர்த்ததில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் வாய் நிற்கவில்லை. யாரும் கேட்காமலே தொடர்ந்தார்.

"வெயில் ஏறினால் மீன் காத்திராது, மொசியே. வாங்க வருகிறவனுக்கு அது தெரியும். அவன் அவசரப்பட மாட்டான். எங்கள் பெண்கள் இரவு முழுவதும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்து, தோணி வந்த பிறகு அந்த ஒருவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் ஐஸ் கேட்கிறார்கள்."

அன்று அவர் யாருடைய பேச்சையும் மாற்றாமல் சொன்னது அது ஒன்றுதான்.

பிறகு மதாம் ஜிசெல் எழுந்தார். ஜெகதீஸ்வரியின் குடிசையில் தான் கழித்த அந்த ஒரு வாரத்தைப் பற்றிச் சொன்னார். நண்டுக் கறியின் உறைப்பு. தன் பாய்க்குக் காலடியில் வந்து படுத்துத் தூங்கிய கோழி. விடைபெறும்போது அது பின்னாலேயே ஓடிவந்தது. "ஜெகதீஸ், உனக்கு ஞாபகம் இருக்கிறதா அந்தக் கோழி?"

அல்போன்சம்மா சீனித்தம்பியின் பக்கம் சரிந்தார்.

"இந்த மனுசி என்ன சொல்லுறா? நான் கோழி வளர்க்கிறதில்லை. கர்க்லாண்டில நகரசபை விடாது."

"அந்தக் கோழி," என்றார் சீனித்தம்பி, "இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதாம்."

மதாம் ஜிசெல் மறுபடியும் அழுதார். நிர்வாக சபை பக்கத்து அறைக்குள் போனது. போன வேகத்தில் வந்தது. ஐஸ் அறை கொடுப்பது என்று ஏகமனதாக முடிவு. மின்சாரம் நம்ப முடியாத இடம் என்பதால் கூரையில் சூரியத் தகடுகளும். நண்டுக்குடாவுக்கு வெயிலால் ஒரு நன்மை வருவது அதுதான் முதல் தடவை.

கைதட்டலுக்கு நடுவில் மதாம் ஜிசெல் சீனித்தம்பியின் கையை இறுக்கிப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

"மெர்சி, மொசியே," என்றார், மற்றவருக்குக் கேட்காத குரலில். "இன்றைக்கு நீங்கள் செய்த உதவியை மறக்கமாட்டேன்."

விருந்தாளி அன்றே ரொறொன்ரோவில் உறவினர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பெனுவாவுக்கு ஒரு 'வீ' கலந்த விளக்கம் கொடுத்துவிட்டு, டாக்சியில் விமான நிலையம் போய், அல்போன்சம்மாவின் வான் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். அல்போன்சம்மா கட்டை அவிழ்த்துப் பின்சீட்டில் எறிந்துவிட்டு ஓட்டினார். பழைய கோட்டை மட்டும் கழற்றவில்லை.

"அவளுக்கு எங்கட முகமெல்லாம் ஒண்டுதான் தம்பி. சேலை கட்டினவள் எல்லாம் ஜெகதீஸ்வரி. பாத்தீரோ?"

"இல்லக்கா," என்றார் சீனித்தம்பி. இருப்புக் கொள்ளாமல் இருக்கைப் பட்டியை மாட்டினார், கழற்றினார், மறுபடியும் மாட்டினார். "நான் முகத்தப் பாத்தன். உள்ள வந்ததும் அவவுக்குத் தெரிஞ்சு போச்சு, இது ஜெகதீஸ்வரி இல்ல எண்டு. முகம் வெளுத்துப் போச்சுது. சொல்லியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். சொல்லல்ல. ஊருக்கு ஐஸ் கிடைக்கட்டும் எண்டு நம்மட பொய்யத் தன்ட தலையில தூக்கி வச்சிட்டா. மறுகா எனக்கு நன்றி வேற சொல்றா! இப்பிடியும் மனுசர் இரிக்காங்க."

அல்போன்சம்மா ஒரு சந்தியைத் தாண்டி வண்டியைத் திருப்பினார்.

"அப்பிடியெண்டால்," என்றார் கடைசியில், "அவவின்ர பேருக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கத்தான் வேணும்."

வீட்டுக்கு வந்தும் சீனித்தம்பி கோட்டைக் கழற்றவில்லை. குசினிக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். கீழ்வீட்டுக்காரன் சுவரை இடித்தான்.

"ஐஸ்தான் கிடைச்சிட்டே, இன்னும் என்ன நடை?" என்றாள் கிளி.

"திங்கக்கிழம போய் மதாம் ஜிசெலிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறன். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேக்கப் போறன்."

"உங்களுக்கென்ன விசரா? கிடைச்ச ஐஸ உருக்கிப்போடாதீங்க!"

"நல்ல மனுசியொருத்தி நமக்காகப் பொய் சொல்லிட்டு, அந்தப் பாரத்தோட படுக்கப் போறா கிளி. என்னால இருக்க ஏலாது. வெறுங்கையோடயும் போக ஏலாது. ஜெகதீஸ்வரியக்காட்டக் கேட்டா அவவுக்கு என்ன விருப்பமெண்டு தெரியும். ஒரு கிழமை கூட இருந்தவதானே."

கீழே இறங்கிப் போய்த் தெப்பனர் பெட்டிக்கடையில் தொலைபேசி அட்டை ஒன்று வாங்கி வந்தார். இங்கே மாலை, அங்கே விடியப் போகும் நேரம். தோணிக்காகப் பெண்கள் விழித்திருப்பார்கள். எண்களைத் தட்டினார். மணி அடித்தது. அலைச் சத்தத்துக்கு மேலால் ஜெகதீஸ்வரியின் குரல் வந்தது.

"ஆரு, சீனித்தம்பியா? ஐஸ் வருமா வராதா, மனே? அத முதல்ல சொல்லு."

"வருது அக்கா! அறையும் வருது, வெயில்ல ஓடுற மிசினும் வருது!"

அந்தப் பக்கம் ஒரு கூச்சல் எழுந்தது. ஒருத்தி குரவையிட்டாள். இன்னொருத்தி, முதலாளி இனி வெற்றிலைக் கடையை விலைக்கு வாங்கட்டும் என்று சொல்வது தெளிவாகக் கேட்டது. சீனித்தம்பி சிரித்தார். மூக்கையும் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, கேளுங்க. இது என்னால இல்ல. உங்கட குடிசையில ஒரு கிழமை நிண்ட அந்த வெள்ளைக்காரப் பெண், மதாம் ஜிசெல், அவதான் எல்லாத்தையும் காப்பாத்தினவ. நண்டுக் கறிய இன்னும் மறக்கல்ல. உங்கட கோழியக் கூட மறக்கல்ல. அவவுக்கு என்ன குடுத்தா சந்தோசப்படுவா?"

கூச்சல் அடங்கியது. அலைச் சத்தம் மட்டும் வந்தது. ஜெகதீஸ்வரி பக்கத்தில் நின்ற பெண்களிடம் எதையோ கேட்பதும் அவர்கள் எதையோ சொல்வதும் மங்கலாகக் கேட்டது.

"எந்த வெள்ளைக்காரி, மனே?" என்றார் ஜெகதீஸ்வரி. "இஞ்ச நம்மட கிராம சேவகரே இன்னும் வந்து எட்டிப் பாக்கல்ல."